உண்ணி சுவத்துல இருக்கு: நம்ம ஊர் நாய்க்கு லைம் நோய் வருமா?

(ஒலி வடிவில் வந்த எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

விருத்தாசலத்துலேர்ந்து பேசுறேன். பகல்ல கோடு எழுதுறது, ராத்திரி மைக் முன்னாடி உக்கார்றது, நம்ம பொழப்பு அதேதான். ஆனா இன்னைக்கு டெக் கிடையாது. இன்னைக்கு நாய், உண்ணி, உண்ணி கொண்டு வர்ற காய்ச்சல். வீட்ல நாய் இல்லாதவங்களும் கேளுங்க. தெருவுல நாய் இருந்தாலே இது உங்க விஷயமும்தான்.

ஒண்ணை முதல்லயே சொல்லிடுறேன். நான் கால்நடை மருத்துவர் இல்ல, இன்ஜினியரிங் படிச்சவன். அதனால மருந்து அளவு எதுவும் இந்த எபிசோடுல வராது. எப்போ டாக்டர்கிட்ட ஓடணும், அங்க போய் என்ன கேக்கணும், வீட்ல என்ன செய்யணும், இது மூணும்தான்.

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு வாய்ஸ் நோட். செராமிக் தொழிற்பேட்டையில பொம்மைக்கு பெயின்ட் அடிக்கிற ஒரு அக்கா அனுப்பினது. அவங்க பேரைச் சொல்லல, ஆனா விஷயத்தைச் சொல்லலாம்னு அனுமதி கொடுத்திருக்காங்க. அவங்க வீட்டு நாய் பேரு பிஸ்கட். சாப்பிடுற பிஸ்கட் இல்ல. சூளையில முதல் தடவை வெந்து, கிளேஸ் போடாம வெளிய எடுக்குற பொருளை நம்ம ஊர் பட்டறையில பிஸ்கட்னுதான் சொல்வாங்க. அந்த வெளிறின நிறத்துல ஒரு நாட்டு நாய்.

பிஸ்கட் மூணு நாளா சாப்பிடல. சூளைப் பக்கத்துச் சுவரை ஒட்டியே படுத்துக் கிடக்கு. நாலாவது நாள் காலையில தரையில ரத்தச் சொட்டு. பார்த்தா மூக்குலேர்ந்து வடியுது. அக்காவோட தம்பி அமெரிக்காவுல நியூ ஜெர்சியில வேலை பார்க்கிறார். அவர் வீடியோ கால்ல பார்த்துட்டு, "உண்ணி கடிச்சா லைம் டிசீஸ் வரும்க்கா. இங்க எல்லாருக்கும் தெரியும். பாப்பாவுக்கும் வந்துடும், நாயை வீட்ல வெச்சுக்காத"ன்னு சொல்லியிருக்கார். வீட்டுக்காரர் நாயை மணிமுத்தாறு தாண்டிக் கொண்டுபோய் விட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டார். அக்கா என்கிட்ட கேட்டது ஒரே கேள்விதான்: "தம்பி, வெச்சுக்கிறதா, விட்டுடுறதா?"

நான் உடனே அனுப்பின பதில் ரெண்டு வரி. "மூக்குல ரத்தம் வந்தா அது அவசரம்க்கா, இன்னைக்கே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போங்க. மத்ததை அப்புறம் பேசலாம்." அந்த 'மத்தது'தான் இன்னைக்கு எபிசோடு.

லைம் எந்த ஊர் நோய்?

அந்தத் தம்பி பொய் சொல்லல. அவர் இருக்கிற இடத்துக்கு அது சரியான பதில். லைம்ங்கிறது அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலத்துல இருக்கிற ஒரு ஊரோட பேரு. 1975 வாக்குல அங்க பக்கத்துப் பக்கத்து வீட்டுக் குழந்தைங்களுக்கெல்லாம் மூட்டு வீங்க ஆரம்பிச்சுது. பாலி மரேன்னு ஒரு அம்மா, இது தற்செயல் இல்லன்னு சொல்லி, பாதிக்கப்பட்டவங்க பட்டியல் எடுத்து, விடாம சுகாதாரத் துறைக்குத் தெரிவிச்சாங்க. யேல் பல்கலைக்கழக டாக்டர்கள் ஆராய்ச்சியில இறங்கினாங்க. கிருமி என்னன்னு 1982-ல தெரிஞ்சுது. கண்டுபிடிச்சவர் வில்லி பர்க்டார்ஃபர். அவர் பேராலதான் அந்த பாக்டீரியாவுக்கு பொரீலியா பர்க்டார்ஃபெரின்னு பேரு.

இந்த நோயைக் கொண்டு வர்றது இக்சோடிஸ்ங்கிற வகை உண்ணி. அதுக்கு ஈரம் வேணும். காட்டுல உதிர்ந்த இலை மெத்தை மாதிரி கிடக்கணும். எலி, மான் மாதிரி மிருகங்கள் வேணும். அமெரிக்காவோட வடகிழக்கு, ஐரோப்பாக் காடுகள் எல்லாம் அதுக்கு நல்ல இடம். அங்க நாய்களுக்கும் லைம் வருது. கடிச்சு மாசக்கணக்குல கழிச்சு காய்ச்சல், மூட்டு வலி, இன்னைக்கு ஒரு கால் நொண்டினா நாளைக்கு இன்னொரு கால் நொண்டும். அரிதா கிட்னி கெட்டுப் போகும். கிருமி உடம்புக்குள்ள போன நாய்கள்லயும் பெரும்பாலானதுக்கு அறிகுறியே வராது.

இந்தியாவுல மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கமும் இமயமலைப் பக்கமும் மனிதர்கள்கிட்ட லைம் கேஸ் சிலது பதிவாகியிருக்கு. ஆனா விருத்தாசலம் மாதிரி சமவெளி ஊர்ல, கத்திரி வெயில்ல 40 டிகிரி அடிக்கிற இடத்துல, நாய் மேல நாம பார்க்கிற உண்ணி இக்சோடிஸ் இல்ல. ஸ்டாக் ஓவர்ஃப்ளோல முதல் பதிலை காப்பி பண்ணிப் போட்டு, அது வேற வெர்ஷனுக்கான பதில்னு அப்புறம் கண்டுபிடிப்போமே, அந்த மாதிரிதான். பதில் சரி, ஆனா நம்ம சிஸ்டத்துக்கு இல்ல.

நம்ம ஊர் உண்ணி, நம்ம ஊர் காய்ச்சல்

நம்மகிட்ட இருக்கிறது பழுப்பு நாய் உண்ணி. அறிவியல் பேரு ரைப்பிசெஃபாலஸ் சாங்குனியஸ். ரத்தம் குடிச்சு உப்பின பெண் உண்ணியைப் பார்த்திருப்பீங்க, சாம்பல் நிறத்துல கொட்டமுத்து மாதிரி இருக்கும். இது நமக்கு மட்டும் தோணினது இல்ல. லத்தீன் மொழியில உண்ணிக்குப் பேரு ரிசினஸ். ஆமணக்குச் செடிக்கும் அறிவியல் பேரு ரிசினஸ்தான். விதை உண்ணி மாதிரி இருக்குன்னு வெச்ச பேரு.

இந்த உண்ணி கொண்டு வர்ற நோய்கள்ல ரெண்டைக் கண்டிப்பா தெரிஞ்சு வெச்சுக்கணும்.

முதலாவது எர்லிக்கியா கேனிஸ். வெள்ளை அணுவுக்குள்ள போய் உக்கார்ற பாக்டீரியா. 1935-ல அல்ஜீரியாவுல முதல்ல விவரிச்சாங்க. உலகம் இதைப் பயத்தோட திரும்பிப் பார்த்தது வியட்நாம் போர்ல. 1960-களோட கடைசியில அமெரிக்க ராணுவம் கொண்டு போன ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்கள் மூக்குல ரத்தம் வடிஞ்சு, உடம்பு வத்தி, நூத்துக்கணக்குல செத்துப் போச்சு. ஜெர்மன் ஷெப்பர்ட் இனத்துக்கு இந்த நோய் மத்த இனங்களை விடக் கடுமையா வரும். நம்ம ஊர்ல ஆசைப்பட்டு ஷெப்பர்ட் வளர்க்கிறவங்க இதை மனசுல வெச்சுக்கணும்.

ரெண்டாவது பபீசியா. இது சிவப்பணுவுக்குள்ள போய் அதை உடைக்கிற ஒட்டுண்ணி. மலேரியாவுக்குத் தூரத்துச் சொந்தம்னு வெச்சுக்கலாம். இதுல பபீசியா கிப்சோனின்னு ஒரு இனம் உண்டு. இன்னைக்கு ஜப்பான், அமெரிக்கா வரைக்கும் நாய் டாக்டர்களுக்குத் தலைவலி. ஆனா உலகத்துலயே முதல்ல அடையாளம் கண்டது எங்க தெரியுமா? நம்ம சென்னையில. வெள்ளைக்காரங்க மெட்ராஸ் ஹன்ட்னு ஒரு வேட்டைக் குழு வெச்சிருந்தாங்க. அந்த வேட்டை நாய்களோட ரத்தத்துலயும் அப்புறம் நரியோட ரத்தத்துலயும் இந்த ஒட்டுண்ணியைப் பார்த்து, 1910-ல டபிள்யூ. எஸ். பேட்டன்ங்கிறவர் எழுதி வெளியிட்டார். நூறு வருஷத்துக்கு மேல நம்ம மண்ணுல இருக்கிற நோய் இது. நாம லைம்னு தேடிக்கிட்டு இருக்கோம்.

ஒரு பேர்க் குழப்பத்தையும் தீர்த்துடலாம். பேப்பர்ல 'உண்ணிக் காய்ச்சல்'னு மனிதர்களுக்கு வர்ற ஒரு நோயைப் போடுவாங்க. அது ஸ்க்ரப் டைஃபஸ். புதர்ல இருக்கிற, கண்ணுக்கே சரியாத் தெரியாத ஒரு சிற்றுண்ணியோட குஞ்சு கடிச்சு வர்றது. நாய் மேல இருக்கிற உண்ணிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. நாய்களுக்கு வர்றதை டாக்டர்கள் பொதுவா 'டிக் ஃபீவர்'னு சொல்வாங்க. இந்த எபிசோடுல அந்த வார்த்தையே வெச்சுக்கிறேன்.

24 மணி நேரக் கணக்கு இங்க செல்லாது

பேரு மாறினா என்ன, உண்ணி உண்ணிதானேன்னு கேக்கலாம். இங்கதான் முக்கியமான வித்தியாசம் இருக்கு.

லைம் பத்தி அமெரிக்க வீடியோ எல்லாத்துலயும் ஒரு அறிவுரை வரும்: தினம் நாயைத் தடவிப் பாருங்க, 24 மணி நேரத்துக்குள்ள உண்ணியை எடுத்துட்டா பயமில்ல. லைம் கிருமிக்கு அது சரி, உண்ணியோட வயித்துலேர்ந்து கிளம்பி வர அதுக்கு ஒரு நாளுக்கு மேல ஆகும். பபீசியாவுக்கும் பொதுவா ரெண்டு நாள் ஆகும். ஆனா எர்லிக்கியா, உண்ணி கடிச்ச 3, 4 மணி நேரத்துலயே நாய்க்குள்ள போயிடும்னு ஆய்வுகள் காட்டியிருக்கு. காலையில கடிச்ச உண்ணியை சாயந்திரம் வேலை முடிஞ்சு வந்து எடுத்தா, அது ஏற்கனவே லேட். எடுக்கணும், கண்டிப்பா எடுக்கணும். ஆனா எடுத்துட்டோம்னு நிம்மதியா இருக்க முடியாது.

ரெண்டாவது வித்தியாசம் இருப்பிடம். லைம் உண்ணி காட்டுல இருக்கும், நாய் அங்க போனா ஏறும். நம்ம பழுப்பு உண்ணி வீட்ல குடித்தனம் பண்றது. முட்டையிலேர்ந்து வந்த குஞ்சு நாய் மேல ஏறும், சில நாள் ரத்தம் குடிக்கும், கீழ விழும், சுவர் இடுக்குல போய் தோலுரிக்கும். திரும்ப ஏறும், குடிக்கும், விழும், தோலுரிக்கும். பெரிசானதும் மூணாவது தடவை ஏறும். வயிறு நிறைஞ்ச பெண் உண்ணி கீழ விழுந்து, சுவர் விரிசல்லயோ கதவு நிலை இடுக்குலயோ போய் ஆயிரக்கணக்குல முட்டை போட்டுட்டு செத்துப் போகும். நம்ம ஊர் சூட்டுல இந்தச் சுத்து முடிய ரெண்டு மூணு மாசம் போதும். சாப்பாடு கிடைக்கலன்னா மாசக்கணக்குல பட்டினி கிடக்கவும் தெரியும்.

இதுக்கு மேல ஏறுற பழக்கம் உண்டு. சுவர்ல ஏறும், திரைச்சீலையில ஏறும், காலண்டர் பின்னாடி, சாமி படத்துக்குப் பின்னாடி போய் ஒளியும். அதனால நாய் மேல நாலு உண்ணி பார்த்தீங்கன்னா, அந்த நாலுதான் கணக்குன்னு நினைக்காதீங்க. மீதி எல்லாம் சுவத்துல இருக்கு.

எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எர்லிக்கியா ரெண்டு மூணு கட்டமா வரும். கடிச்சு ஒண்ணுலேர்ந்து மூணு வாரத்துக்குள்ள முதல் கட்டம். காய்ச்சல், சோர்வு, சாப்பாடு வேணாங்கிறது, கழுத்துல, தொடை இடுக்குல நெறி கட்டுறது. சில நாய் இதுலேர்ந்து தானா தேறின மாதிரி தெரியும். நாமளும் சரியாயிடுச்சுன்னு விட்டுடுவோம். கிருமி உள்ளேயே மாசக்கணக்குல, சில சமயம் வருஷக்கணக்குல சத்தமில்லாம இருக்கும். அப்புறம் கடைசிக் கட்டம், எலும்பு மஜ்ஜையே ரத்தம் தயாரிக்கிறதை நிறுத்த ஆரம்பிக்கும். அந்த நிலைமைக்குப் போன நாயைக் காப்பாத்துறது கஷ்டம். முதல் கட்டத்துல பிடிச்சா பெரும்பாலும் பிழைச்சுடும். முழு விஷயமும் இந்த இடைவெளியிலதான் இருக்கு.

வீட்லயே பார்க்க வேண்டியது இவ்வளவுதான்:

ஒண்ணு, ஈறு. உதட்டைத் தூக்கிப் பாருங்க. ரோஸ் கலர்ல இருக்கணும். விரலால அழுத்தி விட்டா வெளுத்து, 2 செகண்டுக்குள்ள திரும்ப ரோஸ் ஆகணும். வெளுத்தே இருந்தா, மஞ்சளா இருந்தா, உடனே டாக்டர். கருப்பு ஈறு இருக்கிற நாய்க்கு கீழ் இமையை லேசா இழுத்து உள்பக்கம் பாருங்க.

ரெண்டு, வயித்துத் தோல். முடி கம்மியா இருக்கிற இடத்துல சின்னச் சின்ன சிவப்புப் புள்ளி, கன்னிப் போன மாதிரி நீலத் திட்டு. இது பிளேட்லெட் குறைஞ்சதோட அடையாளம். டெங்கு சீசன்ல நம்ம எல்லாருக்கும் பழகின வார்த்தைதான். மூக்குல ரத்தம் வர்றதும் இதனாலதான்.

மூணு, மூத்திரத்தோட நிறம். காபி டிகாக்‌ஷன் மாதிரியோ சிவப்பாவோ போனா பபீசியாவா இருக்கலாம்.

நாலு, காய்ச்சல். மூக்கு காஞ்சிருக்கா ஈரமா இருக்கான்னு பார்க்கிறது கணக்கே இல்ல. நாயோட இயல்பான சூடே நம்மளை விட அதிகம், சுமார் 101-லேர்ந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 103-க்கு மேல போனா காய்ச்சல். தெர்மாமீட்டரை ஆசனவாயில வெச்சுப் பார்க்கணும். பழக்கம் இல்லன்னா டாக்டர்கிட்ட விட்டுடுங்க.

அஞ்சு, கண்ணு. திடீர்னு மங்கலானா, உள்ள சிவந்தா, சுவத்துல முட்டிக்கிட்டா, அதையும் சொல்லுங்க. எர்லிக்கியா கண்ணையும் தாக்கும்.

செய்யக் கூடாததையும் சொல்லிடுறேன். வீட்ல இருக்கிற பாராசிட்டமால், ப்ரூஃபென் எதையும் டாக்டர் சொல்லாம கொடுக்காதீங்க. பிளேட்லெட் குறைஞ்ச நாய்க்கு சில வலி மாத்திரை ரத்தக் கசிவை இன்னும் மோசமாக்கும். பப்பாளி இலைச் சாறு கிருமியைக் கொல்லாது. அதைக் கொடுத்துப் பார்ப்போம்னு காத்திருக்கிற நாலு நாள்தான் ஆபத்து.

டாக்டர்கிட்ட என்ன நடக்கும்?

முதல்ல ரத்தப் பரிசோதனை. பிளேட்லெட், சிவப்பணு, வெள்ளை அணு எண்ணிக்கை பார்ப்பாங்க. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டுல தேய்ச்சு மைக்ராஸ்கோப்புல பார்ப்பாங்க. காது ஓரத்துலேர்ந்து ரத்தம் எடுத்தா பயப்படாதீங்க, பபீசியா அங்க எடுத்தா சிக்குறதுக்கு வாய்ப்பு அதிகம். சில இடத்துல ரேபிட் கிட் இருக்கும். ஒரே கிட்ல இதயப்புழு, எர்லிக்கியா, அனாப்ளாஸ்மா, லைம்னு நாலுக்கும் பார்க்கிற வகையும் உண்டு. அந்த லிஸ்ட்ல லைம் பேரைப் பார்த்துட்டு மிரண்டுடாதீங்க. அது எல்லா நாட்டுக்கும் சேர்த்துப் பண்ணின கிட்.

கிட் காட்டுறது பெரும்பாலும் எதிர்ப்புப் பொருளைத்தான், கிருமியை இல்ல. அதனால நோய் வந்த முதல் ரெண்டு வாரத்துல நெகட்டிவ் காட்டலாம். குணமாகி மாசக்கணக்கு ஆன பிறகும் பாசிட்டிவ் காட்டலாம். டெஸ்ட் பாஸ் ஆனா பக் இல்லன்னு அர்த்தமில்லன்னு நம்ம வேலையில சொல்வோமே, அதேதான். அறிகுறி, பிளேட்லெட், கிட் மூணையும் சேர்த்துத்தான் டாக்டர் முடிவு பண்ணுவார். சந்தேகம்னா பிசிஆர் பண்ணலாம். அந்த வசதிக்கு சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, புதுச்சேரி கால்நடை மருத்துவக் கல்லூரிகள்ல விசாரிக்கலாம்.

எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின்னு ஒரு மருந்து. பொதுவா 4 வாரம் தருவாங்க. நம்ம வீடுகள்ல தப்பு நடக்கிறது இந்த இடத்துலதான். ரெண்டு மூணு நாள்ல நாய் எழுந்து வாலாட்டும், சாப்பிடும். அஞ்சாவது நாள் மாத்திரை நின்னுடும். கிருமி மறுபடியும் உள்ள பதுங்கிக்கும். 28 நாள்னா 28 நாள். மாத்திரையைப் பால்ல கலந்து கொடுக்காதீங்க, பால்ல இருக்கிற கால்சியம் மருந்து உடம்புல சேர்றதைக் குறைக்கும். வெறும் வயித்துல கொடுத்தா வாந்தி எடுக்கும். சோத்து உருண்டையில வெச்சுக் கொடுத்து, பின்னாடியே தண்ணி குடிக்க வைங்க, இல்லன்னா மாத்திரை தொண்டைக்குக் கீழ ஒட்டிக்கிட்டுப் புண்ணாக்கும்.

பபீசியான்னா மருந்து வேற. கிப்சோனி இனத்துக்கு வழக்கமான ஊசி சரியா வேலை செய்யாது. ரெண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுக்கிற முறை இருக்கு, செலவு கொஞ்சம் அதிகம். அதனாலதான் எந்தக் கிருமின்னு தெரிஞ்சுக்கிறது முக்கியம். "டிக் ஃபீவர்தான், ஒரு ஊசி போடுங்க"ன்னு கேக்காதீங்க. "எர்லிக்கியாவா, பபீசியாவா, ரெண்டுமா?"ன்னு கேளுங்க. ஒரே உண்ணி ரெண்டையும் தரலாம்.

பிஸ்கட் கதையைச் சொல்லிடுறேன். ரத்தத்துல எர்லிக்கியா. பிளேட்லெட் ரொம்பவே குறைஞ்சிருந்துது. டாக்டர் மருந்து எழுதினார், ரெண்டு நாள் டிரிப்ஸ் ஏத்தினாங்க. மூணாவது நாள் ரத்தம் நின்னுது, நாலாவது நாள் தயிர் சாதம் சாப்பிட்டுது. "அதான் சரியாயிடுச்சே, எதுக்கு மாத்திரை"ன்னு வீட்ல ஆரம்பிச்சிருக்காங்க. அக்கா என்ன பண்ணினாங்கன்னா, தேதி கிழிக்கிற காலண்டர்ல 28 நாள் தள்ளி ஒரு தாள்ல சிவப்பு பெயின்ட்ல நாய் படம் வரைஞ்சு வெச்சுட்டாங்க. பொம்மைக்குக் கண்ணு வரையிற கை இல்லையா, அச்சு அசலா இருந்துதாம். அந்தத் தாள் வர்ற வரைக்கும் பாப்பா தினம் ஞாபகப்படுத்தினாளாம்.

குழந்தைக்கு வருமா? நாயை விட்டுடலாமா?

நாயைத் தொடுறதால, நாய் நக்குறதால இந்தக் காய்ச்சல் குழந்தைக்கு வராது. உண்ணி கடிச்சுத்தான் வரணும். பழுப்பு உண்ணிக்கு நாய்தான் இஷ்டம், ஆனா சில சமயம் மனுஷனையும் கடிக்கும். இந்தியாவுல உண்ணி மூலமா மனுஷனுக்கு வர்ற இந்தியன் டிக் டைஃபஸ்னு ஒரு காய்ச்சல் இருக்கு, அதுல இந்த உண்ணிக்கும் பங்கு உண்டு. அதனால ஆபத்து பூஜ்யம்னு சொல்ல மாட்டேன். உண்ணி கடிச்ச பிறகு காய்ச்சலோ தடிப்போ வந்தா, உண்ணி கடிச்சதை டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.

இப்போ நாயை ஆத்துக்கு அந்தப் பக்கம் விட்டுட்டா என்ன ஆகும்? யோசிச்சுப் பாருங்க. உண்ணியில பெரும்பங்கு சுவத்துல இருக்கு. நாய் போயிடுச்சு. சுவத்துல இருக்கிற உண்ணிக்குப் பசி. வீட்ல மிச்சம் இருக்கிறது யாரு? நீங்களும் பாப்பாவும்தான். அதுவும் வெயில் காலத்துல. இந்த உண்ணியில வெப்ப மண்டல வகை, சூடு ஏறும்போது நாயை விட்டுட்டு மனுஷன் பக்கம் திரும்புதுன்னு கலிபோர்னியாவுல டேவிஸ் பல்கலைக்கழகத்துல பண்ணின ஒரு பரிசோதனை 2020-ல சொல்லுச்சு. மருந்து போட்ட நாய் வீட்ல இருந்தா, அது மேல ஏறுற உண்ணி சாகும். நாயை வெளிய அனுப்புறது குழந்தைக்குப் பாதுகாப்பு இல்ல, நேர்மாறு.

அதோட, வளர்த்த நாயைப் பட்டினி கிடக்கிற மாதிரி கைவிடுறது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நோயோட போற நாய் அந்தத் தெரு நாய்களோட சண்டை போடும். பபீசியா கிப்சோனி, கடிச்சுக்கிற சண்டையில ரத்தம் மூலமாவும் பரவும். நம்ம பிரச்னையை அடுத்த தெருவுக்குக் கொரியர் பண்ணின மாதிரி ஆகும்.

தடுக்கிறது: நாய், வீடு, தெரு

எர்லிக்கியாவுக்குத் தடுப்பூசி கிடையாது. லைமுக்கு அமெரிக்காவுல நாய்த் தடுப்பூசி இருக்கு, நமக்கு அது உதவாது. உண்ணியைத் தடுக்கிறது ஒண்ணுதான் வழி. அதுவும் வருஷம் முழுக்க. இங்க உண்ணிக்கு லீவு விடுற அளவுக்குக் குளிர்காலம் கிடையாது.

முதல்ல நாய். மாசம் ஒரு தடவையோ மூணு மாசத்துக்கு ஒரு தடவையோ கொடுக்கிற மாத்திரை இருக்கு. பிடரியில விடுற சொட்டு மருந்து இருக்கு. கழுத்துப் பட்டை இருக்கு. மாத்திரை நல்லா வேலை செய்யும், ஆனா உண்ணி கடிச்சு ரத்தம் குடிச்சாதான் சாகும். எர்லிக்கியாவுக்கு 3, 4 மணி நேரம் போதும்னு பார்த்தோம். அதனால உண்ணி ஏறாம விரட்டுற சொட்டு மருந்தோ பட்டையோ சேர்க்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. குட்டி, சினை நாய், வலிப்பு வந்த நாய்னா கட்டாயம் சொல்லுங்க. பெர்மெத்ரின் இருக்கிற மருந்து பூனைக்கு விஷம். வீட்ல பூனையும் இருந்தா அதையும் சொல்லுங்க.

முந்திரித் தோப்புக்கு அடிக்கிற பூச்சி மருந்தை நாய்க்குத் தேய்க்கிறது நம்ம பக்கம் நடக்குது. தயவுசெஞ்சு வேணாம். நாய் நக்கும், வாயில நுரை தள்ளும், செத்துப் போகும். மண்ணெண்ணெயும் அப்படித்தான்.

உண்ணியைக் கையால நசுக்காதீங்க. நுனி கூரான இடுக்கியால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா இழுங்க. ஸ்பிரிட்லயோ சோப்புத் தண்ணியிலயோ போடுங்க. வாசல்ல தூக்கிப் போட்டா நடந்து திரும்ப வரும். காது உள்பக்கம், விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்குக் கீழ, வால் அடி, இந்த நாலு இடம் முக்கியம்.

அடுத்தது வீடு. நாய் எங்க படுக்குதோ, உண்ணி அங்கதான் விழும், அங்கதான் முட்டை வைக்கும். அந்த இடத்தைச் சுத்தி மூணு நாலு அடி சுவர்தான் உங்க முதல் டார்கெட். படுக்கிற சாக்கைக் கொளுத்திடுங்க. துணின்னா கொதிக்கிற தண்ணியில ஊற வெச்சுத் துவைச்சு வெயில்ல போடுங்க. விரிசல், கதவு நிலை இடுக்கு எல்லாத்தையும் அடைங்க. நம்ம ஊருக்கு இதுல ஒரு வசதி இருக்கு. பொம்மை அச்சு எடுக்கிற பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பட்டறைக்குப் பட்டறை மீந்து கிடக்கும். அந்த அக்கா அதைக் கரைச்சுத்தான் சூளைப் பக்கத்துச் சுவரை முழுக்கப் பூசியிருக்காங்க. வீட்டுக்குன்னு இருக்கிற பூச்சி மருந்து அடிக்கிறதா இருந்தா, லேபிள்ல போட்டிருக்கிறபடி, குழந்தை, நாய், மீன் தொட்டி எல்லாத்தையும் வெளிய எடுத்துட்டு அடிங்க. காஞ்ச பிறகு உள்ள வாங்க. ஒரு தடவை அடிச்சா முட்டை தப்பிச்சுக்கும். ரெண்டு மூணு வாரம் விட்டு மறுபடியும் அடிக்கணும்.

உண்ணி கண்ணுல படலன்னாலும் குறைஞ்சது மூணு மாசம் எல்லாத்தையும் தொடர்ந்து பண்ணுங்க. ஒரு சுத்து முடிய அவ்வளவு நாள் ஆகும்னு சொன்னேன் இல்லையா, அதனாலதான்.

கடைசியா தெரு. உங்க வீட்டைச் சுத்தம் பண்ணி, பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் உண்ணி இருந்தா வேலை பாதிதான். ஒரே வரிசையில நாலு வீட்ல நாய் இருந்தா, நாலு பேரும் ஒரே வாரத்துல மருந்து போடுங்க. தெரு நாய்க்குச் சோறு வைக்கிறவங்க, வாங்கிச் சாப்பிடுற நாய்க்கு மருந்து கொடுக்க முடியுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்க. நாயோட ஈறைப் பாருங்க, காதுக்குள்ள பாருங்க. அப்புறம் டார்ச் அடிச்சு அது படுக்கிற இடத்துச் சுவரைப் பாருங்க. நாய் நல்லா ஓடியாடிக்கிட்டு இருக்கும்போதே ஈறோட நிறத்தை ஒரு போட்டோ எடுத்து போன்ல வெச்சுக்கங்க. நாளைக்கு சந்தேகம் வந்தா, எது நார்மல்னு பக்கத்துல வெச்சு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கேள்வி இருந்தா வழக்கம்போல வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. ஆனா மூக்குல ரத்தம், வெளுத்த ஈறு, சிவப்பு மூத்திரம், இந்த மூணுல ஒண்ணு இருந்தா எனக்கு அனுப்பாதீங்க, நேரா டாக்டர்கிட்ட போங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.